டேப் சுத்தினா சரியாயிடுமா?

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970ல் ஓட ஆரம்பித்து 2017ல் மூடப்பட்டது. அத்தனை வருஷம் கரண்ட் தயாரித்துக் கொடுத்த பக்கம்தான் எங்கள் வடசென்னை. ஆனாலும் ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை வீட்டுக்கு ஒரு எலக்ட்ரீஷியன் உண்டு. கையில் கறுப்பு டேப், வாயில் ஒரு சித்தாந்தம். நான் கேட்டுச் சேர்த்தவற்றில் நாலு இங்கே.

"ஒயர் அறுந்தா முறுக்கி டேப் சுத்து, போதும்."
டேப் மூடும், இணைக்காது. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 230 வோல்ட்டில் சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். முறுக்கிய இடத்தில் ஒரே ஒரு ஓம் தடை இருந்தாலும் அங்கே சுமார் 18 வாட் சூடு. ஈயத்தை உருக்குகிற சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான்! நம்ம ஊர் உப்புக்காத்தில் செம்பு பச்சை பூத்து, தடை இன்னும் ஏறும். கடைசியில் டேப்பே உருகி வழியும்.

"பிளக் எதுக்கு? ரெண்டு தீக்குச்சி இருக்கே."
ஒயரை ஓட்டையில் விட்டு குச்சியைச் சொருகுவது நம் தேசியக் கண்டுபிடிப்பு. பெட்டியில் 'சேஃப்டி' என்று போட்டிருப்பது நெருப்புக்கு, கரண்டுக்கு இல்லை.

"மூணாவது பின் சும்மா அழகுக்கு."
அது நீளமாக இருப்பதே முதலில் தொடத்தான். உள்ளே ஒயர் உரசி இரும்பு உடம்பில் கரண்ட் ஏறினால், எர்த் வழியாக ஓடி ஃபியூஸைப் போக்கும். எர்த் இல்லையென்றால் துணி தேய்க்கிறவர் கைதான் வழி.

"ஃபியூஸ் இருக்கு, பயமில்ல."
5 ஆம்பியர் ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கே போதும். அதனால்தான் வீட்டுக்குப் போடும் ஆர்சிசிபி 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழுகிறது.

சரி, என்னதான் செய்வது? முதலில் சுவிட்சை நம்பாமல் பிளக்கையே பிடுங்குங்கள். சில வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கும், அணைத்தாலும் ஒயரில் கரண்ட் நிற்கும். பிளக் பக்கத்தில் அறுந்திருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு, மூணு ஒயரையும் புது பிளக்கில் முடுக்குங்கள். நடுவில் அறுந்திருந்தால் முழு ஒயரையும் மாற்றுங்கள். டேப்பை கேரம் போர்டு ஓரத்துக்கு வெச்சுக்கலாம்.