ஐந்தரை மணி வகுப்பின் அடுப்பங்கரையில்!

வாங்க, வாங்க, பின்பக்கக் கதவு வழியாக வாங்க! புதுச்சேரியில் வேலைக்குப் போகிறவர்கள் தொழில் படிக்கும் ஒரு மாலைப் பயிற்சி மையம். வகுப்பு ஐந்தரைக்கு. அதற்கு முந்தைய அரை மணி நேரம் அலுவலக அறையில் நடக்கும் அமர்க்களத்தைப் பார்க்கத்தான் நான் ஓடி வந்தேன்!

மேசை முழுக்கக் கால அட்டவணை. அத்தனையும் பென்சிலில்! பக்கத்திலேயே தேய்ந்து பாதியாகிப்போன ரப்பர். புதிதாகச் சேர வருகிறவரிடம் ஒருங்கிணைப்பாளர் மேடம் கேட்கும் முதல் கேள்வி மார்க்கைப் பற்றியதே அல்ல.

"ஷிப்ட் எத்தன மணிக்கு முடியுது? வீட்ல புள்ளைய யாரு பாத்துக்குவாங்க?"

பதில் வந்ததும் ரப்பர் பாய்கிறது. சேதராப்பட்டு கம்பெனிக்காரர்களுக்கு அடுத்த வாரம் இரண்டாம் ஷிப்ட்டாம். அவர்கள் பேட்ச் காலைக்குப் போகிறது. "மேடம், வெள்ளிக்கிழம மட்டும் விட்டுருங்க, கடையில கூட்டம் தாங்காது" என்கிறார் ஓர் அக்கா. வெள்ளிக்கிழமைப் பாடம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தாவுகிறது. எனக்கோ கைதட்ட வேண்டும் போலிருக்கிறது!

வேலைக்குப் போகிறவர்களுக்காகப் பாடம் வளைந்து கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. உள்ளூர் மக்களுக்குத் தொழில் கற்றுத்தரும் சமுதாயக் கல்லூரிகளில் இந்தியாவின் முதலாவதே புதுவைப் பல்கலைக்கழகம் 1995-ல் தொடங்கியதுதான். இன்று அது லாஸ்பேட்டையில் இருக்கிறது. மறு ஆண்டே சென்னையிலும் ஒன்று வந்தது. அமெரிக்காவின் ஜோலியட் நகரில் 1901-ல் முளைத்த யோசனை, நம் கடற்கரைக்கு வந்து வேர்விட்டது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழு இதை நாடு தழுவிய திட்டமாக்கியது.

அடுப்பங்கரைக்கு வந்துவிட்டு மசாலாவைக் கேட்காமல் போவோமா? அதன் பெயர் கிரெடிட், படிப்பை அளக்கும் புள்ளி! மானியக் குழு முன்பு வகுத்த தொழிற்கல்விக் கணக்கில் ஆறு மாதத்துக்கு 30 கிரெடிட், கையில் சான்றிதழ். ஓராண்டுக்கு 60, டிப்ளமோ. இரண்டாண்டுக்கு 120, அட்வான்ஸ்டு டிப்ளமோ. மூன்றாண்டில் 180 சேர்ந்தால் பி.வோக். என்ற தொழிற்கல்விப் பட்டம். டிப்ளமோவின் 60-ல் 36 தொழில்திறனுக்கு, 24 பொதுப்பாடத்துக்கு. பிரசவமோ வேலை மாற்றமோ குறுக்கிட்டால் ஒரு படியில் இறங்கிக்கொள்ளலாம், பிறகு வந்து ஏறலாம். படித்ததைப் பத்திரமாக வைத்திருக்க 2021-ல் கிரெடிட் வங்கியும் வந்துவிட்டது.

ஆனால் மாலைப் பொழுது என்ற ஒன்று இந்த ஊர்த் தொழிலாளிக்குச் சும்மா கிடைத்ததில்லை. 1936 ஜூலை 30 அன்று, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊரின் சவானா பஞ்சாலையில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகே எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. அவர்கள் வாங்கித் தந்த பொழுதில்தான் இன்றைய வகுப்பு நடக்கிறது. அந்த நினைப்போடு பார்த்தால், மேடத்தின் ரப்பர் எனக்குப் பெரிய கருவியாகத் தெரிகிறது.

மணி ஐந்தரை! வகுப்பை எட்டிப் பார்க்கிறேன். எர்த்திங் பாடம். நரைத்த மீசைக்காரர் ஒருவர் எழுந்து நிற்கிறார்.

"பதினஞ்சு வருசமா இந்தக் கம்பிய இப்படித்தான் சார் மாட்டுறேன். எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது!"

ஆசிரியர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. "அண்ணே, இங்க வந்து நீங்களே மாட்டிக் காட்டுங்க" என்று ஸ்க்ரூடிரைவரை நீட்டுகிறார். வகுப்பே நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வருகிறது.

அலுவலக அறையில் போன் அடிக்கிறது. யாருக்கோ ஷிப்ட் மாறிவிட்டது. மேடம் பென்சிலை எடுக்கிறார்.