திருமண்ணின் ஸ்வரூபமும் விநியோகமும்

ஊர்த்வபுண்ட்ரத்திற்குரிய த்ரவ்யத்தைச் சாஸ்த்ரங்கள் ‘ம்ருத்திகை’ என்றே வழங்குகின்றன. மலையுச்சி, நதீதீரம், கடற்கரை, வில்வமூலம், புற்று ஆகிய இடங்களிலும், விசேஷமாகத் திவ்யக்ஷேத்ரங்களிலும் எடுத்த மண் க்ராஹ்யம். நிறங்களுள் வெண்மை வைஷ்ணவத்திற்கு உரியது. ஆகவே வெண்மையாயிருத்தல், மண்ணாயிருத்தல் என்னும் இரண்டும் கூடியதே திருமண். வெண்மை மட்டும் அமையாதோ என்னில், அமையாது.

எம்பெருமானார் மேல்நாட்டில் எழுந்தருளியிருந்தபோது திருமண் தீர்ந்துபோக, திருநாராயணன் ஸ்வப்நத்தில் இடம் காட்டியருளினான் என்றும், யாதவகிரியில் அவன் திருமேனியோடு வெண்மண்ணும் கிடைத்தது என்றும் பெரியோர் அருளிச்செய்வர். அம்மண்ணைக் கருடன் ச்வேதத்வீபத்தினின்று கொணர்ந்தான் என்பது க்ஷேத்ர ஐதிஹ்யம்.

வெண்களிமண், பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் நெடுங்காலம் நீரால் சிதைந்து உண்டாவது. அலுமினியமும் சிலிக்காவும் நீரும் கூடிய இதனைக் கயோலின் என்பர். இதன் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். ஆதலால் குழைத்தால் வழவழப்பாகி, மேனியில் சீராகப் படிகின்றது. காரமோ புளிப்போ இதற்கில்லை.

தோண்டிய மண்ணில் மணலும் கலந்திருக்கும். நீரில் கரைத்தால் மணல் அடியில் தங்கும். பால் போன்ற மேல்நீரை வேறு தொட்டிக்கு வடித்துத் தெளியவிட்டு, படிந்த குழம்பை உலர்த்திக் கட்டிகளாக்குவர். இத்தொழிலுக்குப் பெயர்பெற்ற, திருவண்ணாமலை மாவட்டத்து ஜடேரி கிராமத்தின் நாமக்கட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது.

இக்காலத்தில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கட்டியாக்கினாலும் கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. அதில் வெண்மை உண்டு. களிமண்ணின் தன்மை இல்லை. சிறு துண்டின்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் உண்மை விளங்கும். நுரைத்தால் சுண்ணம் கலந்தது. தூய வெண்களி நுரைப்பதில்லை.

நெற்றியில் எரிச்சல் கண்டு திருமண் தரிப்பதையே கைவிடுவாரும் உளர். மஞ்சளோடு சுண்ணாம்பு கூட்டிய ஸ்ரீசூர்ணத்தின் காரமோ, கட்டியிலுள்ள கலப்போ அதற்குக் காரணமாகலாம். அதனை ஆராயாமல் நித்யாநுஷ்டாநத்தை விடுதல் தகாது.

கேசவாதி த்வாதச நாமங்களை அநுஸந்தித்துப் பன்னிரண்டு இடங்களில் தரிக்கப்படுவது இத்திருமண். கோயில்களிலும் க்ருஹங்களிலும் பாத்ரங்களுக்கும் திருவாசல்களுக்கும் இதுவே சாத்தப்படுகின்றது. எம்பெருமான் திருவடிகளைக் குறிப்பதான இதனை, நிறம் கண்டு மயங்காது, மண்ணின் தன்மை அறிந்து கொள்ளுதல் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு உரியது.