அயர்ன் வண்டிக்குள் ஒரு குட்டி லேப்!

மெக்கானிக்கல் இறுதியாண்டு தம்பி தங்கைகளே, ஜீரோத் ரிவ்யூவுக்குத் தலைப்பு கிடைக்காமல் முழிக்கிறீர்களா? லேப்டாப்பை மூடிவிட்டு வாருங்கள். திருவண்ணாமலையில் பிறந்த யோசனையில் உருவான ஒரு வண்டியின் கூரையில் ஏறி, அடியில் குனிந்து, உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஒரு ரவுண்டு பார்த்துவிடுவோம்!

அயர்ன் வண்டிதான். ஆனால் கரி இல்லை, புகை இல்லை, விசிறி வேலையும் இல்லை. இதை யோசித்தவர் வினிஷா உமாசங்கர். அப்போது அவருக்கு வயது 12. துணி தேய்ப்பவர் ஒருவர் எரிந்து முடிந்த கரியைத் தெருவில் கொட்டியதைப் பார்த்ததும் பொறி தட்டியது. பள்ளிக்கூடப் பிள்ளை போட்ட டிசைனில் நமக்கு எட்டு செமஸ்டர் பாடமும் ஒளிந்திருக்கிறது!

முதலில் கூரை. அங்கே 250 வாட் சோலார் பேனல். நல்ல வெயிலில் 5 மணி நேரம் காய்ந்தால் பேட்டரி நிரம்பிவிடும். கால்குலேட்டரை எடுங்கள்: 250 பெருக்கல் 5, மொத்தம் 1,250 வாட்-அவர். பேட்டரி 100 ஆம்பியர்-அவர். 12 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 1,200 வாட்-அவர். அட, கச்சிதமாக உட்காருகிறதே!

இன்னும் இருக்கிறது. அந்த சார்ஜில் 6 மணி நேரம் தேய்க்கலாம். அப்படியானால் சராசரி 200 வாட்தான். வீட்டு அயர்ன் பாக்ஸோ 1,000 வாட் கேட்கும். கணக்கு எங்கே இடிக்கிறது? ஒரு காரணம் இதுவாக இருக்கலாம்: சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் 'டக்'கென்று கரன்டை வெட்டிவிடும், ஆறினால் மறுபடி கொடுக்கும். ஒரு காட்டன் சட்டைக்கு எத்தனை 'டக்'? பட்டு வேட்டிக்கு எத்தனை? ஒரு வாட்மீட்டரும் ஸ்டாப்வாட்சும் இருந்தால் சூப்பர் ஆராய்ச்சிக் கட்டுரை ரெடி!

இப்போது குனியுங்கள். இந்த அளவு லெட்-ஆசிட் பேட்டரி என்றால் ஒன்றே ஏறத்தாழ 30 கிலோ. தலைக்கு மேலே பேனல் வேறு; காற்றடித்தால் அது பாய்மரம்! எடையை எவ்வளவு கீழே வைக்கிறோமோ அவ்வளவுக்கு வண்டி சாயாது. ஈர்ப்பு மையம் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான் இது.

பெட்டியிலும் ஒரு சூட்சுமம். கரிப்பெட்டி தன் கனத்தாலேயே சுருக்கத்தை அமுக்கிவிடும். மின்பெட்டி லேசு, அந்தக் குறையை நீராவி ஈடுகட்டும். கார்த்திகை மழையில் மலையே மேகத்துக்குள் மறைந்துவிட்டால்? சாதா மின்சாரத்திலும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். போதாதற்கு, செல்போன் சார்ஜிங், ரீசார்ஜ், காசு போட்டுப் பேசும் போன் என்று பக்க வருமானத்துக்கும் வழி வைத்திருக்கிறார்.

காகிதத்தில் இருந்த வண்டிக்கு முழு உருவம் கொடுத்தவர்கள் தேசிய புத்தாக்க அறக்கட்டளையின் பொறியாளர்கள். பிறகு ஏறியதெல்லாம் பெரிய மேடைகள்: 2020-இல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு, 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று, அதே ஆண்டு கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேச்சு. திருவண்ணாமலைத் தெருவிலிருந்து கிளாஸ்கோ வரை ஓர் அயர்ன் வண்டி!

ஆகவே, காசைக் கொடுத்தால் மாடலையும் ரிப்போர்ட்டையும் சேர்த்தே கட்டிக்கொடுக்கும் புராஜெக்ட் சென்டர் பக்கம் இந்த வருஷம் போகாதீர்கள். கரும்புச்சாறு மெஷின், மாவு மில், தள்ளுவண்டி, ஏதாவது ஒன்றின் பக்கத்தில் அரைநாள் நில்லுங்கள். "அண்ணே, இதுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை அப்படியே எழுதிக்கொண்டு போய் கைடிடம் நீட்டுங்கள். உங்கள் புராஜெக்ட் தலைப்பு அதுதான்.