றெக்கை கொட்டுகிற கிளிக்கு எது மருந்து?

இறகு உதிரும் கிளியின் தலையை முதலில் பாருங்கள். மார்பும் வயிறும் தொடையும் மொட்டையாகி, தலையில் மட்டும் இறகு முழுசாகப் பளபளவென்று இருந்தால், அந்தப் பறவை தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. அதன் அலகுக்கு எட்டாத இடம் தலைதான். தலையும் சேர்ந்து வழுக்கையானால், கூட இருக்கும் பறவை கொத்துகிறது, அல்லது நோய் வந்திருக்கிறது. உடம்பில் எங்கும் தோல் தெரியவில்லை, கூண்டின் அடியில் மட்டும் இறகுகள் சேர்கின்றன, தலையிலும் கழுத்திலும் வெள்ளை உறை மூடிய புது இறகின் குருத்துகள் எட்டிப்பார்க்கின்றன என்றால் பயமே வேண்டாம். பழையது போய்ப் புதியது வருகிறது.

இது தெரியாததால் பல பறவைகள் தேவையில்லாத மருந்தைக் குடிக்கின்றன. “றெக்க கொட்டுதுண்ணா, எதுனா மருந்து குடுங்க” என்று போய்க் கேட்டால், தண்ணீரில் கரைக்கிற மஞ்சள் பொடி ஒன்று கைக்கு வரும். பலநேரம் அது ஆன்டிபயாடிக். தானே இறகு பிடுங்கும் பறவைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இறகு மாற்றிக்கொண்டிருக்கும் பறவைக்குக் கெடுதல்.

வடசென்னைக்குப் பறவை வளர்ப்பு புதிதல்ல. ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை மொட்டைமாடிகளில் பந்தயப் புறா வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. இறகு மாறும் பருவம் அவர்களுக்கு அத்துப்படி. சிறகின் பெரிய இறகுகள் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் ஒவ்வொன்றாக விழும். பறக்கும் திறன் ஒரேயடியாகப் போய்விடாது. அந்த வாரங்களில் புறாவை அலுப்பாக்காமல் பட்டாணியும் பயறும் கூட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பக்குவம் மாடியிலிருந்து கீழே இறங்கி, வராந்தாவில் தொங்கும் கிளிக்கூண்டுக்கு வந்து சேரவில்லை. புறாவுக்கு வெயிலும் காற்றும் மாடியிலேயே கிடைத்துவிடுகின்றன. கூண்டுக் கிளிக்கு எல்லாமே நாம் கொடுத்தால்தான் உண்டு. அதன் கிண்ணம், காற்று, கூண்டுக் கம்பி, தூக்கம் என எதை எடுத்தாலும், துறைமுகத்துக்கும் அனல் மின் நிலையங்களுக்கும் நடுவில் இருக்கும் இந்த வட்டாரத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

கிண்ணத்திலிருந்து தொடங்குவோம். இங்கே லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட பட்ஜெரிகர்கள். 30, 40 கிராம் எடைதான். அவற்றின் கிண்ணத்தில் காலையிலும் மாலையிலும் தினை மட்டும்தான். சற்றுப் பெரிய காக்கடீல் என்றால் தினையோடு சூரியகாந்தி விதை. தினை நல்ல தானியம்தான். ஆனால் தினையில் வைட்டமின் ஏ இல்லை என்றே சொல்லலாம், சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு. சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதைப் பொறுக்கித் தின்று பழகிய பறவைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும். இறகோ பத்தில் ஒன்பது பங்கு புரதம். அதிலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும். உடம்பு முழுக்க இறகைப் புதுப்பிக்கும் மாதத்தில் வெறும் தினையைப் போட்டால், வரும் இறகு நிறம் மங்கி, நுனி பிளந்து, குறுக்கே கோடு விழுந்து வரும். வைட்டமின் ஏ குறைந்தால் தோல் வறண்டு அரிக்கும். அரித்தால் கிளி கடிக்கும்.

சரிசெய்யச் சந்தைப் பையே போதும். முருங்கைக்கீரை, கேரட், மஞ்சள் பூசணி, கோவைக்காய், கொய்யாத் துண்டு. கீரையைக் கழுவி ஈரத்தோடு கொத்தாகக் கம்பியில் கட்டிவிட்டால், தின்பதோடு இலையில் உரசிக் குளிக்கவும் செய்யும். பச்சைமிளகாயும் தரலாம். பாலூட்டிகளுக்கு எரிச்சலை உணர்த்தும் ஏற்பி பறவைகளில் மிளகாய்க் காரத்துக்கு அசைவதில்லை, அதனால் அவற்றுக்கு உறைப்பே தெரியாது. ஊறவைத்து முளைகட்டிய பச்சைப்பயறு, இறகு மாறும் நாட்களில் வேகவைத்த முட்டை சிறு துண்டு; இரண்டையும் வெயிலில் கெட்டுப்போகும் முன் எடுத்துவிட வேண்டும். பழகாத பறவை முதலில் தொடாது. பசித்தால் தின்னும் என்று தினையை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது, இவ்வளவு சிறிய உடம்பு ஒருநாள் பட்டினியையும் தாங்காது. காலையில் முதலில் கீரை, ஒரு மணி நேரம் கழித்துத் தினை என்று வாரக்கணக்கில் மெதுவாகப் பழக்க வேண்டும். பால்சாதம், மிக்சர், டீயில் நனைத்த பிஸ்கட் மூன்றையும் அன்பாகத்தான் ஊட்டுகிறோம். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைக்கு இல்லை. உப்பும் டீயும் அந்தச் சிறிய உடம்புக்குச் சுமை. சாக்லேட்டும் அவகாடோவும் உயிரையே எடுக்கக்கூடியவை.

சுண்ணாம்புச் சத்துக்குக் காசிமேட்டுக்காரர்கள் கடைக்கே போக வேண்டாம். செல்லப்பிராணிக் கடைகளில் பொட்டலம் கட்டி விற்கும் வெள்ளை ஓடு, கணவாயின் முதுகில் இருக்கும் ஓடுதான். மீன்பிடித் துறைமுகத்தில் கணவாய் சுத்தம் செய்யும் இடத்தில் அது குப்பையாகக் கிடக்கிறது. எடுத்துவந்து உப்பும் வாடையும் போகச் சில நாள் நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தினமும் தண்ணீரை மாற்றி, பிறகு வெயிலில் நன்றாகக் காயவைத்து, மெத்தென்ற பக்கம் கிளியைப் பார்த்திருக்கும்படி கூண்டில் கட்டினால் போதும். சுண்ணாம்பும் கிடைக்கும், அலகும் தேயும். இவ்வளவு நல்ல பொருள் நம் கரையில் கிடக்கும்போது கிளிகள் சத்தில்லாமல் வாடுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

அடுத்தது காற்று. பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல ஊதிச் சுருங்குவதில்லை. உடம்புக்குள் பரவியிருக்கும் காற்றுப் பைகள் வழியாக, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் காற்று ஒரே திசையில் நுரையீரலைக் கடந்து ஓடுகிறது. பறக்கத் தேவையான ஆக்சிஜனை அள்ளித் தரும் ஏற்பாடு அது. அதே ஏற்பாடு காற்றில் கலந்த நஞ்சையும் அள்ளிக் கொடுக்கிறது. சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் கேனரிக் குருவியைக் கூடவே கொண்டுபோனது இதனால்தான். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுத்திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். மனிதருக்கே கண்ணும் தொண்டையும் எரிந்த இரவு அது. கூண்டில் இருக்கும் உயிர் எங்கே ஓடும்? அத்திப்பட்டு, வல்லூர் பக்கத்துச் சாம்பல் தூசியும் லாரிப் புகையும் தினசரி விவகாரம். மூக்குக்கு வாடை தெரிந்த உடனே கூண்டை உள்ளறைக்குக் கொண்டுபோய் ஜன்னலை அடைப்பது, புறப்பட வேண்டியிருந்தால் கூண்டையும் எடுத்துக்கொள்வது, இவற்றை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும்.

அதே டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. கூழைக்கடாக்கள் உடம்பெல்லாம் கறுப்பாகி நின்றதை இங்குள்ளவர்கள் கண்ணால் பார்த்தார்கள். இறகு என்ன வேலை செய்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இறகின் நுண்ணிழைகள் சின்னஞ்சிறு கொக்கிகளால் ஜிப் போலப் பின்னிக்கொண்டு நீரைத் தடுக்கின்றன, உடல் சூட்டைக் காக்கின்றன. எண்ணெய் பட்டால் அந்தப் பின்னல் பிரிந்துவிடும். வீட்டுக் கிளி நாள் முழுக்க அலகால் கோதுவது இந்தக் கொக்கிகளைத் திரும்பக் கோப்பதற்குத்தான். அதனால் கிளியின் உடம்பில் எண்ணெய் தடவாதீர்கள். இறகு வளரட்டும் என்று தேங்காய் எண்ணெயோ, வேப்பெண்ணெயோ, மனிதருக்கான களிம்போ பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோதும்போது அது வயிற்றுக்குள்ளும் போகும். சாம்பலும் தூசியும் படியும் இந்த ஊரில் கிளிக்கு வேண்டியது குளியல்தான். அகலமான தட்டில் நீர் வையுங்கள், அல்லது காலை நேரத்தில் மெல்லிய சாரலாகத் தெளியுங்கள். திருவொற்றியூர்ப் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் வீடுகளில் குடிக்கவும் குளிக்கவும் நல்ல தண்ணீரே கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் இருக்கும் புகையையும் சொல்லியாக வேண்டும். கால்வாய் ஓரத்து வீடுகளில் கொசுவத்தி இல்லாத இரவு இல்லை. அது எரியும் அறையில் கூண்டு இருக்கக் கூடாது, கொசுவலை போர்த்துவதே மேல். நான்ஸ்டிக் தோசைக்கல் வெறுமனே காய்ந்து அதிகச் சூடானால் வரும் வாயு, நாம் உணரும் முன்பே கிளியைக் கொன்றுவிடும். சமையலறை கிளிக்கு இடமே இல்லை.

கம்பிக்கு வருவோம். கடலோர உப்புக்காற்றில் துத்தநாகம் பூசிய கூண்டு சீக்கிரம் வெளுத்துப் பொடி பூக்கும். கம்பியைக் கடித்தே ஏறி இறங்கும் கிளி அந்தப் பொடியை விழுங்குகிறது. துத்தநாகம் உடலில் சேர்ந்தால் பறவை சோர்ந்துபோகும், எச்சம் மாறும், சில பறவைகள் இறகைக் கடிக்கத் தொடங்கும். புதுக் கூண்டை வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே பறவையை விடுங்கள். துருவோ வெள்ளைப் பொடியோ கண்டால் மாற்றுங்கள். முடிந்தவர்கள் எவர்சில்வர் கூண்டு வாங்கலாம். இந்த வட்டாரத்துக்கே உரிய ஆபத்து இன்னொன்று: வலையில் கட்டும் ஈயக்குண்டு. ஈயம் மென்மையான உலோகம், கடித்துப் பார்க்கக் கிளிக்குப் பிடிக்கும். வலை பின்னும் திண்ணையில் கிளி வெளியே உலவினால் சிறு ஈயத்துணுக்கும் அதற்கு விஷம். திடீரென்று கழுத்து தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ, எச்சம் நிறம் மாறினாலோ ஈயத்தைச் சந்தேகித்து மருத்துவரிடம் ஓட வேண்டும். எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், முறிவு மருந்தும் உண்டு.

தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கிளிக்கு இரவில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் இருட்டும் அமைதியும் வேண்டும். ஷிப்டு முடிந்து ஆள் வரும் வீடு, நள்ளிரவு வரை ஓடும் டிவி, எண்ணூர் நெடுஞ்சாலையில் விடிய விடிய ஊரும் கன்டெய்னர் லாரிகள். இவற்றுக்கு நடுவில் அந்தத் தூக்கம் கிடைப்பதில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் கூண்டை உள்பக்க அறைக்கு மாற்றி, காற்றுப் போக இடம்விட்டுப் பருத்தித் துணி போர்த்துங்கள். காக்கடீல்கள் மட்டும் முழு இருட்டில் திடீர் சத்தம் கேட்டால் மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். அப்போது ரத்தம் ஓடும் குருத்து இறகு முறிந்தால் நிற்காமல் வடியும். சோளமாவு வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அவற்றுக்கு ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

தனிமை எல்லாவற்றையும்விடக் கொடியது. காட்டுக்கிளி பகலின் பெரும்பகுதியைக் கூட்டமாக இரை தேடுவதில் கழிக்கிறது. கூண்டில் அந்த வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. மிச்ச நேரத்துக்கு அதன் அலகுக்குக் கிடைப்பது சொந்த இறகுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் அமேசான் கிளிக் குஞ்சுகளை வைத்துச் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. உணவைத் தேடி, பிரித்து எடுக்கும்படி அமைத்த கூண்டுகளில் இறகு பிடுங்குவது தடுக்கப்பட்டது. ஏற்கெனவே பிடுங்கிக்கொண்டிருந்தவற்றுக்கும் குறைந்தது. நமக்குப் பனையோலை இருக்கிறது, தேங்காய் நார் இருக்கிறது, வேப்பங்குச்சி இருக்கிறது. ஓலையில் தினையைச் சுருட்டிக் கட்டுங்கள், கீரைத்தண்டுக்குள் பயறைச் செருகுங்கள். கண்ணாடி வழியாக வராத வெயில், காலையில் சிறிது நேரம் நேராகப் படட்டும்; கூண்டின் ஒரு பகுதி நிழலில் இருக்க வேண்டும், காகமும் பூனையும் நெருங்காமல் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் இறகு போனால் நோய்தான். பட்ஜெரிகரின் அலகைச் சுற்றித் தேன்கூட்டுத் துளைகளோடு வெள்ளைப் பொருக்கு கட்டினால் அது செள். மருத்துவர் எடைக்குத் தகுந்த அளவில் மருந்து வைத்தால் குணமாகிவிடும். புது இறகுகள் முறுக்கி, அடியில் இடுங்கி, பாதியில் ஒடிந்து வந்து, அலகும் உருமாறினால் சர்க்கோ வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மருந்தில்லை, இறகுத் தூளிலும் எச்சத்திலும் பரவும். புதுப் பறவையை வாங்கியவுடன் பழைய கூண்டில் சேர்க்காமல், ஒரு மாதமாவது வேறு அறையில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். கூண்டு சுத்தம் செய்யும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கிளிகளிடமிருந்து மனிதருக்கு நுரையீரல் தொற்று வருவதுண்டு.

நம் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். 2023-ல் நடிகர் ரோபோ சங்கர் வீட்டில் இருந்த இரண்டு அலெக்ஸாண்ட்ரின் கிளிகளுக்காக வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. சட்டத்துக்கு அஞ்சி, சிறகு வெட்டிய கிளியை மாடியில் பறக்கவிட்டால் காகத்துக்கு இரையாகும். வனத்துறையிடம் ஒப்படைப்பதே அதற்குச் செய்யும் நன்மை. வெளிநாட்டுக் கிளிகளில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ், காக்கட்டூ போன்றவற்றை 2024-ல் வந்த விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும். பட்ஜெரிகருக்கும் காக்கடீலுக்கும் அது தேவையில்லை.

மருத்துவரிடம் போக வேண்டுமென்றால் வேப்பேரி பக்கம்தான். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பறவைகளையும் பார்க்கிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்துப் பறவையைக் கொண்டுபோகலாம். ஆனால் கூண்டின் அடியில் விரித்த காகிதத்தை எச்சத்தோடு மடித்து எடுத்துக்கொள்ளுங்கள், உதிர்ந்த இறகு நாலைந்தைத் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள், கிண்ணத்தையும் கூண்டு தொங்கும் இடத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளி நோயை மறைக்கும் பறவை. மருத்துவர் மேஜையில் அது தெம்பாக நிற்கும். கிளி மறைப்பதை அந்தப் படங்களும் எச்சமும் மருத்துவருக்குச் சொல்லும். பிடுங்கிய இடத்தில் இறகு முளைக்கப் பல வாரம் ஆகும். மாதக்கணக்கில் விட்டுவிட்டால் இறகுக்குழியே கெட்டு, அந்த இடத்தில் பிறகு முளைக்காமலே போகலாம். ஆகவே வயிற்றில் முதல் மொட்டைத் திட்டு கண்ணில் பட்ட அந்த வாரமே புறப்படுங்கள்.