பெரிய ஹெட்போன்: காதுக்குச் சுகமா, சுமையா?

"வைத்தியரே, பிள்ளைக்குக் காதுக்குள்ள எப்பவும் ஒரு இரைச்சலு. ராத்திரி தலையணையில தலைய வச்சா 'கொய்ங்'னு கேக்குன்னு சொல்லுதா. ஒரு தைலம் தாருங்க, விட்டுப் பாக்கட்டும்..."

ஆரல்வாய்மொழி பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா. கூடவே நர்சிங் படித்து முடித்த மகள். வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு நடக்கிற கதைதான். பேச்சைக் காதால் கேட்டுப் பதில் எழுதுகிற பகுதி அவளுக்குக் கஷ்டமாக இருந்ததால், தினமும் ஐந்து மணி நேரம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பயிற்சி.

இரைச்சலோடு இன்னும் இரண்டு தொல்லைகள். சாயங்காலமானால் இரண்டு பொட்டிலும் வலி. காது மடலுக்குப் பின்னால் எரிச்சல், சிவப்பு.

"மக்ளே, எதை மாட்டிக்கிட்டுப் படிக்கே? நாளைக்கு வரும்போது அதையும் எடுத்துட்டு வா" என்றேன். தைலம் கொடுக்கவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மடலின் மேலா, மடலைச் சுற்றியா?

மறுநாள் வந்த ஹெட்போனைப் பார்த்ததுமே பாதி விஷயம் புரிந்துவிட்டது. காது மடலின் மேலேயே உட்கார்ந்து அழுத்தும் சின்ன வகை. அந்தப் பெண் போட்டிருந்தது கம்மல். பின்பக்கத் திருகாணி, மடலுக்கும் எலும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு ஐந்து மணி நேரம் குத்தியிருக்கிறது. எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

கடைகளில் கிடைக்கிற ஹெட்போன்களை மூன்றாகப் பிரிக்கலாம். ஒன்று, காதுத் துளைக்குள் செருகுவது. இரண்டு, மடலின் மேல் உட்காருவது. மூன்று, ஒரு கிண்ணம் மாதிரி மடல் முழுவதையும் தனக்குள் வைத்து, சுற்றியிருக்கிற எலும்பின் மேல் உட்காருவது. இந்த மூன்றாவதைத்தான் 'பெரிய ஹெட்போன்' என்கிறோம்.

பெரியதிலும் இரண்டு ஜாதி உண்டு. கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுக்க அடைத்திருந்தால் மூடிய வகை. வலை மாதிரி துவாரம் விட்டிருந்தால் திறந்த வகை. 1958ல் அமெரிக்காவின் ஜான் காஸ் வெளியிட்ட ஸ்டீரியோ ஹெட்போன்தான் வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது. 1968ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற திறந்த வகையைக் கொண்டுவந்தது.

வில்லுப்பாட்டு வைத்த பரீட்சை

எங்கள் தெருவில் ஒலிப்பதிவு வேலை செய்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் மூடிய வகை ஒன்றும், திறந்த வகை ஒன்றும் இரவல் வாங்கினேன். கோயில் கொடையில் அவர் பதிவு செய்த வில்லுப்பாட்டு ஒன்றும் இருந்தது. பரீட்சைக்கு அதைவிடப் பொருத்தமானது வேறு உண்டா? குடம் தருவது அடித்தொண்டை 'கும்'. உடுக்கை நடுவில். ஜால்ராவும் வில்லில் கட்டிய மணிகளும் உச்சியில். இவற்றுக்கு நடுவே புலவரின் குரல். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை எல்லாம் ஒரே இடத்தில்!

அந்தப் பெண்ணின் சின்ன ஹெட்போனில் குடம் ஏறக்குறைய காணாமலே போயிருந்தது. காரணம் எளிது. தாழ்ந்த ஒலி நிலைக்க வேண்டுமென்றால், மெத்தைக்கும் காதுக்கும் நடுவே உள்ள காற்று கசியக் கூடாது. மேடு பள்ளமான மடலின் மேல் சின்ன மெத்தை எப்படிச் சீராகப் படியும்? குடம் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால், ஜால்ரா காதைக் கிழிக்கிறது.

மூடிய பெரிய வகையில் குடம் நெஞ்சில் வந்து இடித்தது. வெளிச் சத்தமும் ஓரளவு அடங்கியது. ஆனால் எல்லோரும் ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி ஒரு நெருக்கம்.

திறந்த வகையை மாட்டியதும் அறைக் கதவைத் திறந்து முற்றத்துக்கு வந்த உணர்வு. குடம் கொஞ்சம் அடக்கம்தான். ஆனால் புலவர் ஒரு பக்கம், உடுக்கை ஒரு பக்கம், பின்பாட்டு சற்றுத் தள்ளி என்று இடம் பிரிந்து கேட்டது. சுகமான கேள்வி. ஒரே ஒரு சங்கடம்: எங்கள் தெருவில் மீன்காரர் அடித்த ஹாரனும் அதே அளவு தெளிவாகக் கேட்டது!

நாகர்கோவில் வானொலி நிலையத்தைத் தெரியும்தானே? 1984ல் தொடங்கிய, நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம். அதுபோன்ற ஒலிக்கூடங்களில் மைக் முன்னால் பேசுகிறவர்களுக்கு மூடிய வகைதான் ஏற்றது. திறந்ததாக இருந்தால் அதிலிருந்து கசிகிற சத்தம் மைக்குக்குள் போய்விடும். உலகெங்கும் ஒலிக்கூடங்களில் புழங்குகிற சோனி எம்.டி.ஆர். 7506, ஆடியோ டெக்னிகா எம்.50எக்ஸ் இரண்டும் மூடியவை. அமைதியான அறையில் உட்கார்ந்து ரசிப்பவர்கள் விரும்புகிற சென்ஹைசர் எச்.டி. 600 திறந்தது. ஆக, எது உயர்ந்தது என்பதல்ல கேள்வி. எந்த இடத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள்?

இன்னொரு சூட்சுமம். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுதான் 'நல்ல ஒலி' என்று நம் காது ஏமாந்துவிடும். கடையில் அடுத்தடுத்து மாட்டிப் பார்க்கும்போது இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தலைக்கும் ஒரு கணக்கு உண்டு

ஒலி நன்றாக இருந்தால் போதுமா? தலை தாங்க வேண்டாமா?

முதலில் எடை. நான் மேலே சொன்ன சோனி சுமார் 230 கிராம், சென்ஹைசர் 260, ஆடியோ டெக்னிகா 285. ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். தலைப்பட்டை அகலமாக இருந்து எடையைப் பரப்பிவிட்டால் கொஞ்சம் கனமும் தெரியாது. பட்டை ஒடுங்கி உச்சந்தலையில் ஒரே இடத்தில் உட்கார்ந்தால், எடை குறைந்ததுகூட ஒரு மணி நேரத்தில் உறுத்தும்.

அடுத்தது பிடி. இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் பொட்டு வலிக்கும். ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி இறுக்கமாகப் போட்டால் வருகிற தலைவலியை மருத்துவ நூல்கள் தனி வகையாகவே சொல்கின்றன. கழற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் என்பதே அதன் அடையாளம். அந்தப் பெண்ணுக்கு வந்ததும் அதுதான். காதைச் சுற்றி வர்மப் புள்ளிகள் உண்டென்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஹெட்போன் மாட்டினால் வர்மம் கொண்டுவிடும் என்று நான் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் மென்மையான இடம் என்பதை மறக்க வேண்டாம்.

அதற்காகப் பிடி தளர்ந்தும் இருக்கக் கூடாது. தளர்ந்தால் மெத்தை படியாது. மெத்தை படியாவிட்டால் தாழ்ந்த ஒலி கசியும். கசிந்தால் கை தானாகச் சத்தத்தைக் கூட்டும். மூக்குக் கண்ணாடியின் காலும் இதே வேலையைச் செய்யும். கண்ணாடி போடுகிறவர்கள் மெல்லிய கால் உள்ள பிரேமும், மெத்தென்ற தடித்த மெத்தையும் பார்த்து வாங்குவது நல்லது. சுகமும் ஒலியும் வேறு வேறு இல்லை என்பது இங்கேதான் புரியும்.

மூன்றாவது மெத்தையின் உறை. தோல் மாதிரி இருக்கும் ரெக்சின் உறை காற்றை நன்றாக அடைக்கும், ஆனால் வேர்க்கும். வெல்வெட் மாதிரி துணி உறை வேர்வையை விடும். தாழ்ந்த ஒலி சற்றுக் குறையும். இரண்டு பருவமழையும் கடற்காற்றும் சேர்ந்த நம் ஊர் ஈரப்பதத்தில் ரெக்சின் சீக்கிரம் உரியும். போதாக்குறைக்கு நாம் தலையில் வைக்கிற தேங்காய் எண்ணெய்! ஆகவே உறையைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிறதா, மாற்று உறை கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கிண்ணத்தின் ஆழத்தையும் பாருங்கள். உங்கள் கம்மலோ ஜிமிக்கியோ உள்ளே இடிக்காமல் இருக்க வேண்டும். கடையில் ஒரு நிமிஷம் மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. இருபது நிமிஷமாவது மாட்டியபடி நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், தலை உங்களுடையது.

ஒரு வாரத்துப் படி, ஒரே நாளில்!

இனி முக்கியமான விஷயம். அந்தப் பெண்ணின் வீடு மெயின் ரோட்டை ஒட்டி. பஸ், லாரி ஓயாது. சின்ன ஹெட்போன் வெளிச் சத்தத்தைத் தடுக்காது. அதனால் போனில் சத்தத்தை ஏறக்குறைய முழுதாகவே வைத்திருக்கிறாள். "பாட்டு கேக்கல டாக்டர், பாடம்தானே" என்றாள். காதுக்குப் பாட்டும் பாடமும் ஒன்றுதான். அதற்குத் தெரிந்தது சத்தம் மட்டுமே.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். பெரியவர்களுக்கு 80க்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 83ல் 20 மணி, 86ல் 10 மணி, 89ல் 5 மணி. புரிகிறதா? 89 டெசிபலில் தினம் ஐந்து மணி நேரம் கேட்டால், திங்கட்கிழமையே அந்த வாரத்துப் படி தீர்ந்துவிடுகிறது. மீதி ஆறு நாளும் கடன்!

உள்காதில் சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. சத்தத்தில் அவை சோர்ந்தால் முதலில் இரைச்சல் கேட்கும். ஓய்வு கொடுத்தால் தேறவும் கூடும். செத்துப்போனால் மீண்டும் முளைப்பதில்லை.

ரோட்டோர வீட்டுக்காரர்களுக்கு வெளி இரைச்சலை அதற்கு எதிரான ஒலியலையால் அடக்கும் மின்னணு ஹெட்போன் உதவும். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவரின் மகனான அமர் போஸ், 1978ல் ஒரு விமானப் பயணத்தில் இந்த யோசனையைப் பிடித்தார். எஞ்சின், மின்விசிறி மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலை அது நன்றாக அடக்கும். திடீர் ஹாரனை அவ்வளவாக அடக்காது. அதை மாட்டிக்கொண்டு ரோட்டில் மட்டும் நடக்காதீர்கள்.

தைலம் ஏன் தரவில்லை?

காதிரைச்சலை நாங்கள் வளிக் குற்றத்தோடு சேர்த்துப் பார்ப்போம், மருந்தும் உண்டு. ஆனால் செவிப்பறை முழுதாக இருக்கிறதா, குறும்பி அடைத்திருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று தெரியாமல் காதில் எண்ணெய் விடுவது ஆபத்து. செத்த மயிரணுவை எழுப்புகிற தைலம் என்னிடமும் இல்லை, யாரிடமும் இல்லை. அதனால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். கேட்கும் திறன் பரிசோதனையில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு காதிலும் லேசான குறைவு. அதிகச் சத்தம் முதலில் கைவைக்கிற இடமே அதுதான்.

அந்தப் பெண் மூடிய பெரிய ஹெட்போனுக்கு மாறினாள். சத்தம் போனின் அளவுகோலில் 60 சதவீதத்துக்குக் கீழே. ஐம்பது நிமிஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பத்து நிமிஷம் ஓய்வு. படிக்கும்போது கம்மல் கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளித்தால் தலை நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுவாள். மெத்தையைத் தினம் துடைப்பாள். தம்பிக்கு இரவல் கொடுப்பதில்லை.

தலைவலியும் எரிச்சலும் அந்த வாரமே நின்றன. இரைச்சல் இரண்டு மாதத்தில் வெகுவாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. பரிசோதனையில் தெரிந்த அந்தச் சின்னக் குறைவு அப்படியேதான் இருக்கிறது. தேர்வில் தேறிவிட்டாள். போகும் முன் சொல்லிக்கொள்ள வந்தபோது அந்த அம்மா கேட்டார், "மிச்சமிருக்கிற காது போதும்தானே வைத்தியரே, இவளுக்கு?"

போதும். ஸ்டெதஸ்கோப்பில் நோயாளியின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்க வேண்டிய காது அது. அதைத் தேர்வுக்குப் படிக்கும்போதே செலவழித்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கலாம். இன்றைக்கே போய் அதை ஒரு நிமிஷம் நீங்கள் மாட்டிப் பாருங்கள். உங்கள் காதுக்குப் பொறுக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளையின் காதுக்கும் அது அதிகம்தான்.