கையால் இயக்கும் தூக்குக் கருவிகள் (கட்டுமானம்)

கையால் இயக்கும் தூக்குக் கருவிகள் என்பவை மின்சாரமோ எஞ்சினோ இல்லாமல், ஆள் பலத்தைக் கொண்டே சுமையை உயரத்துக்கு ஏற்றப் பயன்படும் கருவிகள் ஆகும். கயிற்றுக் கப்பி, சங்கிலிக் கப்பி, கைவின்ச் ஆகிய மூன்றும் இவற்றுள் முக்கியமானவை. கிரேன் நுழைய முடியாத தெருக்களிலும் சிறிய மாடி வீடுகளிலும் கோயில், தேவாலய மராமத்து வேலைகளிலும் இவை பயன்படுகின்றன.

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை ஊரான உவரியில், கப்பல் வடிவில் கட்டப்பட்ட கப்பல் மாதா ஆலயம், புனித அந்தோணியார் திருத்தலம், சுயம்புலிங்க சுவாமி கோயில் ஆகியவை கடலை ஒட்டி அமைந்துள்ளன. இத்தகைய கட்டடங்களில் பூச்சு வேலைக்கும் வண்ணம் அடிப்பதற்கும் சாரம் கட்ட வேண்டும். சாரத்தில் நிற்கும் கொத்தனாருக்குச் சாந்தும் செங்கல்லும் கீழிருந்து செல்ல வேண்டும்.

கயிற்றுக் கப்பி

கிணற்று இராட்டினத்தைப் போன்றதே சாரத்தில் கட்டும் ஒற்றைக் கப்பியும். இது இழுக்கும் திசையை மாற்றுகிறதே தவிர, சுமையைக் குறைப்பதில்லை. 50 கிலோ சிமெண்டு மூட்டையை ஏற்ற 50 கிலோவுக்குச் சற்று அதிகமான விசையுடன் இழுக்க வேண்டும்.

பலரும் கவனிக்காதது கப்பியைத் தாங்கும் கம்பின் நிலை. ஒரு பக்கம் மூட்டையின் 50 கிலோ, மறுபக்கம் இழுப்பவரின் 50 கிலோ என அந்தக் கம்பின் மேல் 100 கிலோ இறங்குகிறது. கயிற்றை வெட்டி இழுத்தால் இது இன்னும் கூடும். எனவே மூட்டையைத் தாங்கும் கம்பு கப்பியையும் தாங்கும் என்று எண்ணுவது தவறு.

மூட்டையுடன் சேர்ந்து நகரும் இரண்டாவது கப்பியைச் சேர்த்தால், உராய்வு நீங்கலாக 25 கிலோ விசை போதும். ஆனால் 1 மீட்டர் ஏற்ற 2 மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். கீழே நின்று இழுக்கும்போது மேலே இறங்கும் பாரம் 75 கிலோவாகும்.

சங்கிலிக் கப்பி

பேச்சு வழக்கில் இது 'செயின் பிளாக்' எனப்படும். இதன் முன்னோடியான வேற்றுமைக் கப்பியை 1854 இல் இங்கிலாந்தின் தாமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்டன் உருவாக்கினார். இன்றைய கருவிகளில் பற்சக்கரங்களும் பிரேக்கும் உள்ளன. சங்கிலியை விட்டாலும் சுமை கீழே இறங்காமல் நிற்பதே இதன் சிறப்பு. இவ்வகைக் கருவிகளுக்கு ஐ.எஸ். 3832 என்ற இந்தியத் தரநிலை உள்ளது. இதன் எடையும் இது தூக்கும் சுமையும் அதிகம் என்பதால் இதைச் சவுக்குக் கம்புச் சாரத்தில் தொங்கவிடக் கூடாது. தனி முக்காலி அல்லது இரும்பு உத்தரம் தேவை.

கைவின்ச்

உருளையில் இரும்புக் கயிற்றைச் சுற்றி, கைப்பிடியால் சுழற்றும் கருவி இது. பற்சக்கரத்தில் விழும் தடுப்பு நாக்கு, உருளை பின்னோக்கிச் சுழலாமல் காக்கிறது. நாக்கு தேய்ந்திருந்தால் கைப்பிடி திருப்பி அடித்துக் கையை முறிக்கக்கூடும்.

கடற்கரையில் பாதுகாப்பு

உப்புக் காற்றில் இரும்புக் கயிறு உள்ளிழைகளிலிருந்தே துருப்பிடிக்கும். மேலே பூசிய கிரீஸ் அதை மறைத்துவிடும். நைலான் கயிறு துருப்பிடிக்காது. ஆனால் வெயிலில் நாளடைவில் வலுவிழக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்:

- கயிற்றில் அறுந்த இழை, முடிச்சு, நசுங்கல்
- கொக்கியின் வாய் விரிந்துள்ளதா, அதன் பூட்டு மூடுகிறதா
- கப்பியின் அச்சு தடையின்றிச் சுழல்கிறதா
- கப்பி கட்டிய இடம், நிலைக்கம்பும் குறுக்குக்கம்பும் சேரும் மூட்டுக்கு அருகில் உள்ளதா
- சாரம் சுவருடன் கட்டப்பட்டுள்ளதா

சுமை ஏறும்போது அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது. கயிற்றை இழுப்பவரும் நேர் கீழே நிற்காமல் விலகி நிற்க வேண்டும். பலத்த காற்றில் அகலமான பலகையையும் தகரத்தையும் ஏற்றுவதைத் தவிர்க்க வேண்டும்.

இந்தியாவில் 1996 ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டமும் அதன்கீழ் 1998 இல் வந்த மத்திய விதிகளும், தூக்குக் கருவிகளைத் தகுதியுள்ளவரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று வகுத்தன. சிறு வேலைத்தளங்களில் பெரும்பாலும் மேஸ்திரியின் கண்ணே அந்தச் சோதனையாக அமைகிறது. அவர் முதலில் பார்க்க வேண்டியது கயிற்றை மட்டுமல்ல, கப்பி தொங்கும் கம்பையும்தான்.