சிலம்பக்கோலும் மின்வாளும்

கம்பம் பள்ளத்தாக்கிற் பிறந்தவர்க்குச் சிலம்பம் புதியதொரு விளையாட்டன்று. கூடலூர் முதல் சின்னமனூர் வரை, நெல்லறுவடை முடிந்து திருவிழாக்கள் தொடங்குங் காலத்தே, எவ்வூர்ப் பொட்டலிலேனும் கோல் சுழலும் ஓசையைக் கேட்கலாம். இருவர் எதிர்நின்று ஆடும்போது யார் யாரைத் தொட்டார் என்று அறிதற்குப் பெரியோர் கையாண்ட வழி மிக எளிது. நீரிற் குழைத்த சாம்பலிலே கோல்முனையைத் தோய்த்துக்கொள்வர். மெய்யிற் பதிந்த சுவடே சாட்சி. எண்ணுவோர் அதனைப் பார்த்து எண்ணுவர்.

ஆயினும் அச்சாட்சி வியர்வையில் அழிந்துபோவதுண்டு. சென்ற ஆண்டு எம் மாவட்டத்தில் ஓரிடத்தே நடந்த போட்டியில், எம் நண்பரொருவர் எதிராளியின் தோளில் முனையைத் தெளிவாகப் பதித்தார். நடுவர் திரும்பிப் பார்க்குமுன் வியர்வை வழிந்து சுவடு கரைந்தது. புள்ளி கிடைக்கவில்லை, ஆட்டமும் போயிற்று. அன்றிரவு பேருந்தில் திரும்புகையில் நண்பர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர், "கோலுக்குள்ளேயே ஏதேனுமொரு கருவி இருந்து, பட்டதைத் தானே சொல்லிவிடக் கூடாதா?" என்று வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். யாம் தமிழ் பயில்வோர், மின்னியல் அறியேம். பௌதிக வகுப்பு நண்பர் ஒருவர் பொறுமையுடன் விளக்கியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

நண்பர் கேட்ட கருவி வேறொரு விளையாட்டில் ஏறத்தாழ 90 ஆண்டுகளாக வழங்கி வருகின்றது. அஃது ஐரோப்பியர் வளர்த்த வாள்விளையாட்டு. எப்பே, ஃபாயில், சேபர் என மூவகை வாள்கள் அதற்குரியன. எப்பேயின் நுனியைச் சாயத்திற் றோய்த்து ஆடிய காலமும் ஒன்றுண்டு. நம் சாம்பலுக்கும் அச்சாயத்துக்கும் வேற்றுமை மிகுதியன்று. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் எப்பேயினுள் மின்சாரம் புகுந்தது. ஃபாயிலுக்கு 1956-இல் மெல்போர்னிலும், சேபருக்கு 1992-இல் பார்சிலோனாவிலும் அம்முறை ஒலிம்பிக்கில் வந்தது.

எப்பேயின் நுனியில் வில்லுடன் கூடிய சிறு பொத்தான் ஒன்று உளது. அலகின் பள்ளத்திலே மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. 750 கிராம் எடைக்கு மேற்பட்ட அழுத்தத்துடன் நுனி பதிந்தாலன்றிப் பொத்தான் இசையாது. இசைந்தவுடன் மின்சுற்று நிறைவுற்று விளக்கு எரியும். சேபருக்கோ பொத்தானே இல்லை. அது குத்துதலோடு வெட்டுதலும் உடைய வாளாதலின், அலகு முழுதும் மின்கடத்தியாக நிற்கும். ஆடுவோர் உலோக இழை விரவிய மேற்சட்டை அணிவர். முகக்கவசமும் மின் கடத்தும். அலகு அவற்றைத் தீண்டிய கணமே விளக்குச் சுடரும்.

இத்தனைக்கும் ஆடுவோர் முதுகில் ஒரு கம்பி பூட்டியிருக்கும். அது பின்னேயுள்ள சுருளினின்று நீண்டும் சுருங்கியும், கயிற்றிற் பிணித்த கன்றுபோல அவரை இழுத்துக்கொண்டே இருக்கும். 2004-ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் சேபர்ப் போட்டிகளில் அக்கம்பி நீங்கிற்று. உடலிற் கட்டிய சிறு கருவி வானொலி அலையாகச் செய்தியை அனுப்ப, களத்தோரப் பெட்டி அதனை வாங்கிக் கணித்தது.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் எம் நண்பர் மகிழ்ந்திருப்பார். ஆனால் சேபரின் வரலாற்றில் எம்மைச் சிந்திக்கவைத்த செய்தி ஒன்றுண்டு. மின்சேபர் தோன்றிய காலத்தே, உண்மையான வெட்டையும் வெறுந் தீண்டலையும் பிரித்தறிதற்பொருட்டு, வாட்பிடியருகே அதிர்ச்சியை அளக்கும் உணர்கருவி ஒன்றை வைத்தனர். அது நம்பத்தக்கதாக அமையவில்லை. சில ஆண்டுகளிற் கைவிட்டனர். அதன்பின் வன்மையாக வெட்டினும் மெல்லத் தொட்டாலும் விளக்கு ஒன்றுபோலவே எரிந்தது. ஆடுவோரும் அதற்கேற்ப மாறினர். கருவியால் அளக்கவியலாதது ஆட்டத்தினின்றே மெல்ல நழுவியது என்றே யாம் கருதுகின்றோம்.

மற்றொன்று காலம் பற்றியது. ஒருவர் தீண்டியபின் மற்றவர் தீண்டல் எவ்வளவு பொழுதுக்குள் வந்தால் பெட்டி அதனையும் ஏற்கும்? ஒரு நொடியை ஆயிரங் கூறாக்கினால் அவற்றுள் 120 கூறு என்றிருந்த சேபர் விதி, 2016-இல் 170 கூறு எனத் திருத்தப்பட்டது. கண்ணிமைக்கும் பொழுதினுஞ் சிறிய இம்மாற்றத்துக்காக வீரர்கள் தம் தற்காப்பையும் தாக்குதலையும் புதிதாகப் பழகவேண்டியதாயிற்று. இரு விளக்குகளும் ஒருங்கெரியுங்கால் முதலில் தாக்கும் உரிமை யாருடையது என்று தீர்ப்பவர் இன்றும் நடுவரே. பெட்டி அதனைச் சொல்லாது.

கருவி பொய்யுரைக்குமோ எனில், உரைக்கச் செய்தாரும் உளர். 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் சோவியத் நாட்டுப் போரிஸ் ஒனிஷ்சென்கோ என்பார், எப்பேயின் பிடிக்குள் ஒரு விசையை மறைத்து வைத்திருந்தார். எதிராளியைத் தீண்டாமலே விளக்கை எரிக்க அது போதியதாயிருந்தது. பிரிட்டானிய வீரர் ஜிம் ஃபாக்ஸ், தம்மேல் வாள் படாதபோதே விளக்கு எரிந்ததைக் கண்டு முறையிட, வாளைப் பிரித்துப் பார்த்து உண்மை கண்டனர். சாம்பற் சுவட்டில் இத்துணைச் சூழ்ச்சிக்கு இடமில்லை.

கருவி நேர்மைக்குத் துணைநின்ற நிகழ்ச்சியையும் சொல்லாது விடுதல் முறையன்று. 2022-ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் காற்பந்தின் நடுவே ஓர் உணர்கருவி இருந்தது. பந்தின் அசைவை நொடிக்கு 500 முறை அளந்து கம்பியின்றி அனுப்பியது. போர்ச்சுகல் உருகுவேயுடன் ஆடியபோது ஒரு கோலைத் தம் தலையால் அடித்ததாக ரொனால்டோ கொண்டாடினார். பந்தோ அவர் தலையின் தீண்டலை உணரவில்லை. கோல் புரூனோ பெர்னாண்டஸ் கணக்கிற் சேர்ந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2004-இல் பள்ளியில் வாள்விளையாட்டைத் தொடங்கினார். மின்வாள் விலை மிக்கது. ஒடிந்தால் வேறு வாங்குதல் அரிது. ஆதலின் மூங்கிற் கழியாற் பயின்று, போட்டியன்றே மின்வாளை எடுத்ததாக அவரே கூறியிருக்கின்றார். 2021-இல் டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்விளையாட்டிற் கலந்துகொண்ட முதல் இந்தியராக நின்று, முதற் சுற்றில் 15-3 என வென்றார். அடுத்த சுற்றில் 7-15 எனத் தோற்றார். 2023-இல் ஆசியப் போட்டியில், அந்நாளைய உலக வாகையரான ஜப்பானிய வீராங்கனை மிசாகி எமுராவை 15-10 என வீழ்த்தி வெண்கலம் பெற்றார். மூங்கிலிற் பயின்ற கைக்கு, தீண்டினால் விளக்கெரியும் வாள் முதலில் எவ்வளவு அயலாக இருந்திருக்கும் என்பதைக் கோல் பிடித்தவர் நன்குணர்வர்.

ஆயின், எம் நண்பரின் கோலுக்குள் கருவி வைக்கலாகுமா? மூங்கில் மின்சாரம் கடத்தாது. உலோகத் தகடு சுற்றவேண்டும். கோலுக்கு இருமுனை, இரண்டும் தாக்கும். கோலோடு கோல் மோதுதல் நொடிதோறும் நிகழ்வது. காற்பந்திலுள்ளதுபோன்ற உணர்கருவியை உள்ளே வைத்தால், அது கோலிற் பட்டதையும் மெய்யிற் பட்டதையும் வேறு பிரிக்க மயங்கும். உலோகச் சட்டை அணியலாமெனில், தேனி வெயிலில் அதனைத் தாங்குவார் யார்? விலை கொடுப்பார் யார்?

விடுமுறையில் ஊர் வாத்தியாரிடம் இவையனைத்தையும் எடுத்துரைத்தோம். எழுபது கடந்த அப்பெரியவர் முழுதுங் கேட்டு, "படுறதை அந்தப் பெட்டி எண்ணிரும் தம்பி. படாம விலகுனானே ஒருத்தன், அவன் காலடியை எது எண்ணும்?" என்றார். யாம் சேபரின் கைவிடப்பட்ட உணர்கருவியை நினைத்துக்கொண்டோம், விடை கூறவில்லை. எம் நண்பரோ, "விலகுனதுக்குப் புள்ளி வேண்டாம் ஐயா, பட்டதுக்காவது கிடைக்கட்டும்" என்றார். அவர் சொல்லிலும் நியாயம் உண்டு.

பௌதிக வகுப்பு நண்பர் வாளாவிருக்கவில்லை. கைவிளக்கின் மின்கலம் ஒன்றும், அடுக்களையில் உணவு பொதியும் அலுமினியத் தாளும், ஒரு சிறு விளக்குங் கொண்டு, பழைய கோலொன்றில் கம்பி இழைத்துக் கொடுத்தார். பழஞ்சாக்கொன்றைத் தாளாற் போர்த்து மரத்திற் கட்டி அடித்துப் பார்த்தோம். ஐந்து அடியில் மூன்றுக்கு விளக்கு எரிந்தது. ஆறாவது அடியிற் கம்பி அறுந்தது. பங்குனித் திருவிழாவுக்குள் வேறொரு கோல் இழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கின்றார்.